எஃகுக் கிண்ணத்துக்காக ஒரு மலையேற்றம்

வாணியம்பாடியில் ரயிலை விட்டு இறங்கும்போதே நான் சண்டைக்குத் தயாராக இருந்தேன். சண்டை போடவேண்டிய ஆள் ஜவ்வாது மலைமேல், தன் சொந்த ஊரில், அம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெயர் பச்சையம்மாள். எங்கள் ஆய்வுக்கூடத்தில் எஞ்சினியர். அவள் எடுத்த அளவு ஒன்று என் இரண்டு வருட உழைப்பைக் குப்பையில் போடப் பார்த்தது. அந்த அளவு தப்பு என்று அவள் வாயாலேயே சொல்லவைக்க வேண்டும். புதன்கிழமை கூட்டம். அன்றைக்குத் திங்கள்.

நான் மலேசியாக்காரன். கெடா மாநிலத்தில் ஒரு கித்தாத் தோட்டத்தில், அதாவது ரப்பர்த் தோட்டத்தில், பிறந்து, படித்து, இங்கிலாந்துக்குப் போய் ஒரு முடுக்கி ஆய்வுக்கூடத்தில் வேலைக்கு அமர்ந்தவன். எண்பதுகளின் நடுவில் என்னைத் தமிழ்நாட்டுக் கடற்கரையில் இருந்த ஓர் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிவைத்தார்கள். இரண்டு கூடங்களும் சேர்ந்து ஓர் இலக்கு செய்வதாக ஏற்பாடு.

இலக்கு என்றால் அம்பு விடுகிற இலக்கு மாதிரிதான். முடுக்கி என்பது புரோட்டான் என்ற துகள்களை அசுர வேகத்தில் விரட்டும் இயந்திரம். விரட்டிய துகள்கள் கனமான ஓர் உலோகத்தில் போய் மோதினால் அதிலிருந்து நியூட்ரான்கள் தெறிக்கும். அந்த நியூட்ரான்களைக் கொண்டு, தானாக எரியத் தெரியாத ஓர் அணு உலையை எரியவைக்கலாம். முடுக்கியை நிறுத்தினால் உலையும் அணைந்துவிடும். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! ஆனால் அந்த அடியை வாங்குகிற உலோகம் சும்மா இருக்குமா? சூடாகும், கொஞ்சநஞ்சச் சூடு இல்லை. அந்தச் சூட்டை எப்படி வெளியே எடுப்பது என்பதுதான் எங்கள் பிழைப்பு. இயற்பியல்காரர்களுக்கு மாலை விழும். வெப்பக்காரர்களான எங்களுக்கு வசவு விழும்.

எங்கள் இலக்கு உருக்கிய ஈயமும் பிஸ்மத்தும் கலந்த திரவம். ஒரு பெரிய குழாய்க்குள் ஒரு சின்னக் குழாய். பெரிய குழாயின் அடியில் மெல்லிய எஃகுக் கிண்ணம். துகள்கள் கீழேயிருந்து அந்தக் கிண்ணத்தின் வழியாகத்தான் உள்ளே வரும். திரவ உலோகம் வெளிச்சுற்றில் இறங்கி, கிண்ணத்தில் திரும்பி, உள்குழாய் வழியாக மேலேறும். தொல்லை என்னவென்றால் கிண்ணத்தின் நட்டநடுவில் ஓட்டம் திகைத்து நின்றுவிடும். துகள்கள் அதிகம் அடிப்பதும் அதே நட்டநடுவில்தான். ஓடாத இடத்தில் சூடு தேங்கும், கிண்ணம் ஓட்டையாகும், எல்லாம் போச்சு.

அதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். உள்குழாயின் வாயை நேராக வெட்டாமல், மூங்கிலைச் சீவுவதுபோல் சாய்வாக வெட்டினேன். சாய்வாக வெட்டினால் ஓட்டம் ஒரு பக்கமாகச் சரிந்து நடுவைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டு போகும். அவ்வளவுதான் விஷயம். இதைக் கண்டுபிடித்த அன்று நான் தரையில் கால் வைக்கவில்லை. இங்கிலாந்தில் இருந்த இரண்டு பேர், இன்று என்ன சொன்னாலும் நண்பர்கள்தான், அவர்களும் ஒரு வடிவம் வைத்திருந்தார்கள். என்னுடையது அழகு. அவர்களுடையது ஓட்டை போட்ட தட்டு.

கடற்கரைக் கூடத்தின் பட்டறைக்காரர்கள் அந்தக் கிண்ணத்தை அடித்து, தேய்த்து, பலமுறை பாழாக்கி, கடைசியில் முகம் பார்க்கலாம் போலச் செய்து கொடுத்தார்கள். இங்கே இதெல்லாம் ஆகாது என்று என் கூடத்தில் சொன்னவர்களுக்கு அதன் புகைப்படத்தை நானே தபாலில் அனுப்பினேன். துகள்களுக்குப் பதிலாக மின்சாரத்தால் கிண்ணத்தைச் சூடாக்கிச் சோதித்தோம். கடற்கரை மண்ணில் குழி தோண்டினால் உப்புத் தண்ணீர் ஊறிவிடும் என்பதால் கீழே தொங்கவேண்டிய குழாயைத் தலைகீழாக நிறுத்தி, கிண்ணம் உச்சியில் இருக்கும்படி வைத்தோம். பம்ப் தள்ளுகிற வேகத்துக்கு மேலென்ன, கீழென்ன?

சோதனையில் கிண்ணத்தின் நடு, என் கணக்கைவிடப் படுபயங்கரமாகச் சூடேறியது. அளவெடுத்தவள் பச்சையம்மாள். எண்களை என் மேசையில் வைத்தாள், விடுப்பு எழுதினாள், மலையேறிப் போய்விட்டாள். இங்கிலாந்துக்காரர்கள் இரண்டு பேரும் வந்து இறங்கினார்கள். புதன்கிழமை கூட்டத்தில் என் சாய்வெட்டைக் கைவிட்டு அவர்கள் தட்டை எடுத்துக்கொள்வது என்று ஏறக்குறைய முடிவாகிவிட்டது.

அதனால்தான் இந்தப் பயணம்.

கோபம் வந்தால் எனக்குப் பசி வரும். வாணியம்பாடியில் முதல் வேலையாகப் பிரியாணி சாப்பிட்டேன். சும்மா சொல்லக்கூடாது, புளிப்பான கத்தரிக்காய்க் குழம்போடு அந்தப் பிரியாணியைச் சாப்பிட்டபோது பினாங்குச் சோற்றுக்கடைகள் எல்லாம் ஒரு நிமிடம் மறந்துபோயின. பரிமாறியவர், “இன்னும் கொஞ்சம் போட்டுக்கங்க, மலைக்குப் போறவங்க வெறும் வயித்தோட போவக்கூடாது” என்றார். மலைக்குப் போகிறேன் என்று நான் சொல்லவே இல்லை. முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது போலிருக்கிறது.

ஆலங்காயத்தில் மலை பஸ் பிடித்தேன். என் மடியில் ஓர் ஆட்டுக்குட்டியை, என்னைக் கேட்காமலே, ஓர் ஆள் வைத்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். இங்கிலாந்து பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரின் குடை நம்மேல் பட்டாலே மன்னிப்புக் கேட்பார்கள். இங்கே ஆடு என் சட்டைப் பையைத் தின்னப் பார்த்தது, அந்த ஆள் ஆட்டைத் தட்டிக்கொடுத்தார்.

கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டே கேட்டார்: “இன்னா சார், பேச்சு ஒரு மாதிரியா கீது. எந்த ஊரு?”

“மலேசியா.”

“மலேசியாவா! அங்கேர்ந்து எங்க மலைக்கா? யார் வூட்டுக்கு?”

பச்சையம்மாள் பெயரைச் சொன்னேன். பஸ்ஸே திரும்பியது.

“எஞ்சினியரம்மா வூட்டுக்கா? அத மொதல்லயே சொல்றதுக்கின்னா?” என்று என் மடியிலிருந்த ஆட்டைத் தூக்கி உரியவரிடம் கொடுத்தார். “எங்க மலையிலேர்ந்து போன பொண்ணு சார் அது. அணுவு எல்லாம் அதுதான் பாத்துக்குது.”

அணுவைப் பார்த்துக்கொள்கிற பொண்ணை நான் ஒரு கை பார்க்கப் போகிறேன் என்று அந்த பஸ்ஸில் சொல்லியிருந்தால் ஏதாவதொரு வளைவில் என்னை இறக்கிவிட்டிருப்பார்கள்.

பாதி மலையில் டயர் பஞ்சர். ஆண்கள் இறங்கிச் சக்கரத்துக்குப் பின்னால் கல் வைத்தார்கள், பெண்கள் இறங்கி நிழலில் உட்கார்ந்து திருவிழாக் கதை பேசினார்கள், ஆடு இறங்கி மேய்ந்தது. யாரும் அலுத்துக்கொள்ளவில்லை. அலுத்துக்கொண்டது நான் ஒருவன்தான், அதுவும் எல்லோருக்கும் சேர்த்து.

ஊர் எல்லையில் இரண்டு மரங்களுக்கு நடுவே வேப்பிலைத் தோரணம் கட்டியிருந்தது. அங்கே நின்றிருந்தவர், “காப்புக் கட்டிக்கீதுங்க. செருப்பக் கையில எடுத்துக்குங்க” என்றார். எடுத்துக்கொண்டேன். சரளைக்கல் ஒவ்வொன்றும் என் பாதத்தோடு பேசியது.

பச்சையம்மாள் வீட்டு வாசலில் மாவு சலித்துக்கொண்டிருந்தாள். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

“வாங்க சார். திட்டறதுக்குத்தான வந்தீங்க? சாப்ட்டுட்டுத் திட்டுங்க.”

“இன்னாடி பேச்சு இது, வூட்டுக்கு வந்தவருகிட்ட?” என்று அவள் அம்மா உள்ளேயிருந்து கத்தினார்.

சாமைச் சோறும் கொள்ளுக் குழம்பும் வந்தன. காப்புக் காலம் என்பதால் கவிச்சி கிடையாது. சாமைச் சோற்றை நான் அதற்கு முன் சாப்பிட்டதில்லை. அரிசியைப் போல வாயில் வழுக்கிக்கொண்டு ஓடாமல் நின்று நிதானமாக ருசி சொல்லும் சோறு. திட்டவேண்டும் என்று வந்தவன் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன். அவள் அப்பா முனுசாமி எதிரே உட்கார்ந்து, நான் கை கழுவியதும், “எம்பொண்ணு இன்னா தப்பு பண்ணிச்சு?” என்று கேட்டார்.

“தெர்மோகப்பிள் தப்பா ஒட்டியிருக்காங்க” என்றேன். கோபம் வந்தால் எனக்கு மரியாதையும் வந்துவிடும். தெர்மோகப்பிள் என்பது சூட்டை அளக்கும் மெல்லிய கம்பி. “நடுவிலே ஒட்டினீங்களே, அது கிண்ணத்தைத் தொடவே இல்லை. வெளியே இருக்கிற ஹீட்டர் சூட்டைத்தான் அது காட்டியிருக்கு. இல்லாவிட்டால் அவ்வளவு சூடு வராது. ஒப்புக்கொள்ளுங்க.”

“நான் ஒட்டினது தப்புன்னா இந்தக் காப்ப இப்பவே அவுத்துப் போட்டுடறேன்” என்றாள்.

அம்மா ஓடிவந்து அவள் வாயிலேயே ஒன்று போட்டார்.

“பின்ன இன்னாம்மா? ஒட்டிட்டு நானே தட்டிப் பாத்தேன், இழுத்துப் பாத்தேன், தண்ணியில போட்டுச் சூடேத்திச் சரி பாத்தேன். என் அளவு சரி.”

“அப்ப என் வடிவம் தப்பா?”

“அத நான் சொன்னேனா? உங்க வெட்டும் சரி சார்.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அளவும் சரி, வெட்டும் சரி என்றால் சூடு எங்கிருந்து வந்தது?

“படம் கொண்டாந்தீங்களா?” என்று கேட்டாள். படம் இல்லாமல் நான் எங்கேயும் போவதில்லை. பையிலிருந்து எடுத்துத் தரையில் விரித்தேன். குழாய் கீழ்நோக்கித் தொங்கியது, அடியில் கிண்ணம். எத்தனையோ முறை நான் வரைந்த படம். கண்ணை மூடினாலும் தெரியும்.

பச்சையம்மாள் குனிந்து அந்தத் தாளை இரண்டு கையாலும் பிடித்து, அப்படியே தலைகீழாகத் திருப்பி வைத்தாள்.

“இப்பப் பாருங்க. நம்ம கூடத்துல இப்படித்தான நிக்குது? கீழேர்ந்து ஈயத்த ஏத்தறோம். ஏத்தறதுக்கு முன்ன உள்ள இன்னா இருந்தது?”

“ஆர்கான்.” ஈயம் துருப்பிடிக்காமல் இருக்க நாங்கள் குழாயிலும், ஈயத்தின் மட்டம் தெரியும் மேல் தொட்டியிலும் நிரப்பி வைக்கும் வாயு அது.

“ஈயம் மேல ஏற ஏற ஆர்கான் எங்க போவும்?”

கிண்ணம் கவிழ்த்த கிண்ணமாக உச்சியில் இருந்தது. அதில் வெளியேற ஓட்டை கிடையாது. ஆர்கான் எங்கே போகும்? எங்கேயும் போகாது. கிண்ணத்தின் நட்டநடுவில், சரியாகச் சூடு விழுகிற இடத்தில், ஒரு குமிழியாக ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். குமிழிக்கு அடியில் ஈயம் என்னதான் ஓடினாலும் எஃகைத் தொடாது. தொடாவிட்டால் எப்படிக் குளிரும்?

எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. எங்கள் தொழிலில் ஒருவன் படம் வரைந்தால், அந்தப் படத்தில் கீழே இருப்பது அவன் மண்டைக்குள்ளும் கீழேயே இருந்துவிடும். நாங்கள் எல்லோரும் தலைகீழாக நின்ற குழாயைத் தினமும் பார்த்துக்கொண்டே, மனதில் நேராக நின்ற குழாயைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம். எங்களைத் தவிர வேறு யாரும் இப்படி ஒரு தப்புச் செய்யமுடியாது.

“எப்பத் தெரியும் உனக்கு?” மரியாதை பறந்துவிட்டது. அப்படியென்றால் கோபம் போய்விட்டது என்று அர்த்தம்.

“கெளம்பற அன்னிக்கு ஆர்கான் அழுத்தத்தக் கொஞ்சம் ஏத்தினேன். மேல் தொட்டியில ஈயத்தோட மட்டம் எறங்கிச்சு. ஏன்னு யோசிக்க நேரமில்ல, ரயிலுக்கு ஓடினேன். மலை ஏறும்போதுதான் மண்டையில ஒறைச்சது. ஈயம் அழுத்தினா சுருங்குமா சார்? சுருங்காது. மட்டம் எறங்கினா உள்ள எங்கயோ வாயு கீதுன்னு அர்த்தம். உங்களுக்குச் சொல்லணும்னு துடிச்சேன். இங்க போன் ஏது?”

நிஜமாக எனக்கு அவளைத் தூக்கிக் கொண்டாடவேண்டும் போலிருந்தது. குமிழி சோதனையில் மட்டும்தான். உண்மையான இலக்கில் கிண்ணம் கீழே இருக்கும், குமிழி தங்க இடமே இல்லை. என் சாய்வெட்டு பிழைத்துவிட்டது!

“நாளைக்கே கீழே இறங்கி டைரக்டருக்குப் போன் போட்டுச் சொல்லிவிடுகிறேன்” என்று குதித்தேன்.

“நீங்க சொன்னா எடுபடாது சார்” என்றாள் பச்சையம்மாள். “உங்க டிசைனக் காப்பாத்திக்கச் சாக்கு சொல்றீங்கன்னு அந்த ரெண்டு பேரும் சிரிப்பாங்க. அளவெடுத்தவ நான். நான்தான் சொல்லணும்.” படத்தைச் சுருட்டிக்கொண்டே, “போன வருஷம் ஹீட்டர் கம்பி சுத்தற மொறைய நான் கண்டுபிடிச்சேன். கூட்டத்துல வேற ஒருத்தர் எழுந்து படிச்சாரு. என் பேரு வரல. இது என் பேருல வரணும்” என்றாள்.

நியாயம்தான். ஆனால் காப்பு? காப்புக் கட்டியவர்கள் பகலில் எல்லையைத் தாண்டலாம், இரவு வெளியே தங்கக்கூடாது. கடற்கரைக்குப் போய் வருவதென்றால் ஒரு பகலில் ஆகாது. அதோடு மறுநாள் மாலை மாவிளக்கு எடுக்கும் முறை அவர்கள் வீட்டுக்கு வந்திருந்தது. பல வருடங்களுக்கு ஒருமுறை சுற்றிவரும் முறை. பச்சையம்மாள்தான் எடுக்கவேண்டும். அவள் இல்லாவிட்டால் முறை அடுத்த வீட்டுக்குப் போய்விடும்.

முனுசாமி மகளிடம், “ஆலங்காயம் போ. போன்ல சொல்லு. வெளக்கு வெக்கறதுக்குள்ள வந்துடணும்” என்றார். என் பக்கம் திரும்பி, “வராம போச்சின்னா ஊர்ல நான் தலகாட்ட முடியாது சார்” என்றார். அவர் குரலில் பயமும் இருந்தது, மகளைப் பற்றிய பெருமையும் இருந்தது. எனக்கு இரண்டும் தொற்றிக்கொண்டன.

செவ்வாய்க்கிழமை காலை பஸ் வரவில்லை. டயர் பஞ்சரான அதே வண்டிக்கு இப்போது வேறு ஏதோ கோளாறாம். நான் வானத்தைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தபோது ஒரு புளி லாரி வந்தது. மூட்டைகள் மேல் ஏறி உட்கார்ந்தோம். இங்கிலாந்தில் ஆறு வருடம் ரயில் தாமதத்துக்காகப் புகார்க் கடிதம் எழுதிய மனிதன் நான். அன்றைக்குப் புளி மூட்டை மேல், கொம்பு கொம்பாகப் புளியம்பழ ஓடு குத்த, ஒவ்வொரு வளைவிலும் மரக்கிளைக்குத் தலையைக் குனிந்துகொண்டு மலையிறங்கினேன். பச்சையம்மாள் அந்த ஆட்டத்திலும் டைரக்டரிடம் என்ன சொல்லவேண்டும் என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

ஆலங்காயம் தபால் ஆபீஸ் போன் பேச்சுமூச்சில்லாமல் கிடந்தது. “பொட்டியே போச்சு சார். ஆளு வந்து பாக்கணும்” என்றார் தபால்காரர். எப்போது வருவார் என்று கேட்டதற்குச் சிரித்தார்.

லாரி டிரைவர்தான் வழி காட்டினார். அவர் புளி இறக்கும் மண்டி சலீம் பாயுடையது. அங்கே போன் இருந்தது. பாய் மகா பருமனான மனிதர், புளிக் குவியலுக்கு நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

“அரே, நம்ம முனுசாமி பொண்ணா? வாம்மா, வா. போன்தானே? வேணும்கிற வரைக்கும் பேசு” என்று தலையணை மேலிருந்த கறுப்புப் போனைத் துடைத்து முன்னால் வைத்தார்.

கடற்கரைக் கூடத்துக்கு டிரங்க் கால் பதிவு செய்தோம். அவசரம் என்று சொன்னோம். ஆபரேட்டர் “வெயிட் பண்ணுங்க” என்றார். வெயிட் பண்ணினோம். மண்டியில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து புளியைத் தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள். பாய் வீட்டிலிருந்து எனக்குச் சாப்பாடு வந்தது. காப்பில் இருக்கிறாள் என்று பச்சையம்மாளுக்குத் தயிர்சோறு தனியாக, வாழையிலையில், வேறு வீட்டிலிருந்து வாங்கி வரவழைத்திருந்தார் பாய். அதைப் பார்த்து நான் ஏதோ பாராட்டப்போனேன். “இதுல இன்னா சார் கீது? அவங்க காப்புல இருக்காங்க” என்றார் அவர். அத்தோடு விஷயம் முடிந்தது.

மதியம் போனது. போன் மணி அடிக்கவில்லை. நான் எழுந்து எழுந்து நடந்தேன். ஆபரேட்டரை இரண்டு முறை கூப்பிட்டுக் கத்தினேன். பாய், “கத்தாதீங்க சார், அப்புறம் கடைசியில போட்டுடுவான்” என்று என் கையிலிருந்து ரிசீவரை வாங்கி வைத்தார்.

வெயில் சாயத் தொடங்கியபோது மலைக்குப் போகும் கடைசி பஸ் மண்டிக்கு எதிரே வந்து நின்றது. நேற்றைய கண்டக்டரேதான். பச்சையம்மாளைப் பார்த்துக் கையாட்டினார். அவள் எழுந்து நின்றாள். போனைப் பார்த்தாள், பஸ்ஸைப் பார்த்தாள். முகம் சுண்டிப்போயிருந்தது.

“நீ ஏறு. கால் வந்தா நான் சொல்றேன், உன் பேரோடதான் சொல்வேன்” என்றேன்.

“நம்ப மாட்டாங்க சார்” என்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

அப்போது மணி அடித்தது.

எதிர்முனையில் டைரக்டரின் உதவியாளர். ஐயா வெளிநாட்டு விருந்தாளிகளோடு சோதனைக் கூடத்தில் இருக்கிறார், பிறகு பேசச் சொல்லட்டுமா என்றார். “கூடத்திலேயே இருக்காரா? ரொம்ப நல்லது, அந்த லைனுக்கே மாத்துங்க!” என்று நான் போட்ட கூச்சலில் புளி தட்டும் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள். டைரக்டர் வந்தார். என் குரலைக் கேட்டதும், “என்ன, மலையில குளிரா?” என்று சாவகாசமாக ஆரம்பித்தார். தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர், எதற்கும் பதறமாட்டார்.

“பச்சையம்மாள் பேசுவாங்க” என்று சொல்லி ரிசீவரை அவளிடம் கொடுத்தேன்.

கால் மோசமாக இரைந்தது. அவள் கத்திப் பேசவேண்டியிருந்தது. அதனால் ஆலங்காயம் கடைத்தெருவே கேட்டது.

“சார், கிண்ணத்துக்குள்ள ஆர்கான் மாட்டிகிட்டிருக்கு! குழாயத் தலைகீழா வச்சோம் இல்ல, அதான்! அளவும் தப்பில்ல, டிசைனும் தப்பில்ல… ஆமா சார், எனக்குத் தெரியும்! நான் பாத்தேன்! நம்ப வேணாம் சார், இப்பவே செஞ்சு பாருங்க. பம்ப நிறுத்திட்டு ஆர்கான் அழுத்தத்த ஏத்தச் சொல்லுங்க. மேல் தொட்டியில மட்டத்தப் பாருங்க. எறங்கினா உள்ள குமிழி இருக்கு. எறங்கலன்னா நான் வேலைய விட்டுடறேன்!”

டைரக்டர் அந்தப் பக்கம் யாருக்கோ உத்தரவு போடுவது கேட்டது. காத்திருந்தோம். கண்டக்டர் பஸ்ஸை விட்டு இறங்கி வந்து மண்டி வாசலில் நின்றார். “ஏம்மா, பொழுது சாயுதே” என்றார். அவள் கையைக் காட்டினாள். அவர் திரும்பி டிரைவரைப் பார்த்து, “இருய்யா, பொண்ணு பேசுது” என்றார். டிரைவர் எஞ்சினை அணைத்தார். ஒவ்வொருவராகப் பயணிகள் இறங்கி வந்து மண்டியில் கூடிவிட்டார்கள். ஆபரேட்டர் குறுக்கிட்டு நேரம் முடிந்தது, நீட்டிக்கவா என்றார். “நீட்டுப்பா, நீட்டு!” என்று சலீம் பாய் தன் நாற்காலியிலிருந்தே கத்தினார்.

பச்சையம்மாள் சட்டென்று நிமிர்ந்தாள்.

“எறங்குதா? எவ்ளோ சார்?… எறங்குதா!”

நான் அவள் காதோடு என் காதை ஒட்டிவைத்தேன். கம்பிக்குள்ளிருந்து டைரக்டரின் குரல், முதல் தடவையாகப் பதற்றத்தோடு வந்தது. “இறங்குதும்மா. நல்லாவே இறங்குது. இவங்க ரெண்டு பேரும் தொட்டி பக்கத்துலயே நின்னு பார்த்துகிட்டிருக்காங்க. நம்ம கிண்ணத்துல தப்பே இல்ல.”

வெட்கப்படாமல் சொல்கிறேன், அழுதேன். என் வெட்டுக்காகப் பாதி, அவளுக்காகப் பாதி. எந்தப் பாதி பெரிசு என்று அந்த நேரத்தில் எனக்கே தெரியவில்லை. அங்கே கூடியிருந்தவர்களுக்கு ஈயமும் தெரியாது, ஆர்கானும் தெரியாது. ஆனால் தங்கள் பெண் சொன்னதை எங்கேயோ பெரிய இடத்தில் செய்து பார்த்து, சரி என்று ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்பது எல்லோருக்கும் புரிந்துவிட்டது. ஒருவர் விசில் அடித்தார்.

டைரக்டர் பேசிக்கொண்டிருந்தார். “நாளைக்குக் கூட்டத்துல நானே இதைச் சொல்லிடறேன். நீ திருவிழாவை நல்லபடியா முடிச்சுட்டு வா.”

பச்சையம்மாள் மஞ்சள் கயிறு கட்டிய கையால் ரிசீவரை இறுகப் பிடித்தாள்.

“இல்ல சார். நான்தான் சொல்லணும். வியாழக்கெழம காப்பு அவுக்கறாங்க. வெள்ளிக்கெழம நான் அங்க இருப்பேன். கூட்டத்த வெள்ளிக்கெழம வச்சிக்கங்க.”

கம்பியில் வெறும் இரைச்சல். இந்தத் தொழிலில் எனக்கு வயது அவளைவிட அதிகம். ஒரு டைரக்டரிடம் நான் இப்படிப் பேசியதே கிடையாது. பேசவும் மாட்டேன்.

அந்தப் பக்கம் டைரக்டர் ஆங்கிலத்தில் யாரிடமோ ஏதோ கேட்டார். யாரோ ஏதோ சொன்னார்கள். பிறகு அவர் சிரிக்கும் சத்தம் கேட்டது.

“சரிம்மா. வெள்ளிக்கிழமை.”

ரிசீவரை வைத்தாள். பிறகு பையைச் சரிசெய்துகொண்டு பஸ்ஸைப் பார்த்து ஓடினாள். நானும் பின்னாலேயே ஓடினேன். அன்று இரவு கடற்கரைக்குத் திரும்பவேண்டியவன் என்பது எனக்கு நினைவே இல்லை. அந்த மாவிளக்கை நான் பார்க்காமல் போவதா?

பஸ்ஸில் ஏறியதும் கண்டக்டர் வழிமறித்தார். “இன்னா சார் சொன்னாங்க? எங்களுக்கும் சொல்லுங்க.”

நான் படியில் நின்றபடி, பஸ் முழுக்கக் கேட்கும்படி, என் வாழ்நாளில் அதற்கு முன்னும் பின்னும் இல்லாத கர்வத்தோடு அறிவித்தேன்: “பச்சையம்மாள் வந்து சொல்றவரைக்கும் கூட்டம் கிடையாது. வெள்ளிக்கிழமை வரைக்கும் இங்கிலாந்துக்காரங்க உட்கார்ந்திருக்கப் போறாங்க!”

பஸ்ஸுக்குள் இருந்து ஒரு பெண் குரல் எரிச்சலோடு வந்தது:

“உக்காந்திருக்கட்டும்! வெளக்கு வெக்கற நேரம் ஆவுது, வண்டிய எடுய்யா!”